யோலிமாவைத் துரத்திய விளக்குமாறு

பெண்டாட்டி விளக்குமாற்றோடு புருஷனைத் துரத்துவது எந்த ஊரிலும் நடக்கிற காரியம். புருஷன் விளக்குமாற்றோடு பெண்டாட்டியைத் துரத்தியது எனக்குத் தெரிந்து எங்கள் மலையூர் குவாதோகாவில் மட்டும்தான். துரத்தியவன் நான். முன்னால் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனவள் என் மனைவி யோலிமா. ஊரில் ஆளாளுக்குக் கண் காது மூக்கு வைத்துச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பர்மேனியோ. சொந்தமாக ஒரு சின்ன பஸ் ஓட்டுகிறேன். மலையிலிருந்து சந்தைக்கு வெங்காயமும், வெங்காயத்துக்கு மேல் ஆட்களும் ஏற்றுவேன். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ்ஸுக்கு வேறு வேலை. அன்றைக்கு எங்கள் ஊர் சைக்கிள் பந்தயம். ஏரியைச் சுற்றி, இரண்டு மலை ஏறி இறங்கி, கடைசியில் கழுதை மேடு ஏறி, மாதா கோயில் சதுக்கத்தில் முடியும். நூறு கிலோமீட்டருக்கு மேல். ஓட்டுகிறவர்கள் எல்லாம் நம் ஆட்கள்தான்: பல் டாக்டர், கசாப்புக் கடைக்காரர், பள்ளிக்கூட டீச்சர், உருளைக்கிழங்கு வியாபாரி. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தூங்காமல் எதற்கு இப்படி நாக்குத் தள்ள மலை ஏறுகிறார்கள் என்று கேட்டால் யாரிடமும் ஒழுங்கான பதில் கிடையாது.

பந்தயத்தில் கடைசியாக வருவது என் பஸ். கூரையின் முன்பக்கத்தில் ஒரு விளக்குமாற்றை நிறுத்திக் கட்டியிருப்போம். முன்னால் போகிறவர்களுக்குக் கடிகாரம், பின்னால் வருகிறவர்களுக்கு விளக்குமாறு. இதுதான் எங்கள் ஊர்ச் சட்டம். விளக்குமாறு யாரைத் தாண்டுகிறதோ அவருக்குப் பந்தயம் முடிந்தது. முதுகில் இருக்கிற நம்பர் துணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சைக்கிளைக் கூரையில் ஏற்றிவிட்டு, பஸ்ஸில் ஏறி உட்கார வேண்டும். எந்த ஏற்றத்தில் எவ்வளவு வேகம் என்று சொல்ல என் பக்கத்தில் நடுவர் எவேலியோ உட்கார்ந்திருப்பார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

யோலிமா சதுக்கத்துக்குப் பக்கத்தில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாள். ஆண், பெண், பாதிரியார், போலீஸ் என்று எல்லார் தலையும் அவள் கைக்கு வந்தாக வேண்டும். நாற்பத்தாறு வயது வரை சைக்கிளுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரு வாடிக்கையாளரின் மகன் ஸ்பெயினுக்குப் போகும்போது பழைய பந்தய சைக்கிளை விற்கப் பார்த்தான். யாரும் வாங்கவில்லை. "சும்மா நிக்கிறதுக்கு என் கடையில நிக்கட்டும்" என்று இவள் வாங்கி வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் இருக்கிற தங்கை வீட்டுக்கு அதில் போய்விட்டுச் சாயங்காலம் வந்தாள். முகம் தக்காளிப் பழம் மாதிரி. வாசலிலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்றேன்.

எங்கள் மலைப்பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் நீங்க என்றுதான் கூப்பிடுவோம். சண்டை போட்டாலும் மரியாதை குறையாது. ஊரிலும் ஆம்பளை என்றால் தோன், பொம்பளை என்றால் தோன்யா என்று பேருக்கு முன்னால் மரியாதை சேர்த்துத்தான் கூப்பிடுவோம்.

"ஒண்ணும் ஆகலைங்க. இறக்கத்துல வந்தேன். நாய் துரத்துச்சு. நாயால என்னைப் பிடிக்க முடியல."

அன்றைக்குப் பிடித்தது சைக்கிள் பைத்தியம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சமாதானம் என்பதே இல்லாமல் போயிற்று. விடிவதற்கு முன்னால் எழுந்து, புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்போதே கிளம்பிவிடுவாள். கடை திறக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்து, பெரிய சட்டி நிறைய சோறும் உருளைக்கிழங்கும் தின்பாள். நான் பின்னால் நின்று சட்டியில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பேன். சீட்டில் உரசி உரசிப் புண் வந்தது. மாட்டு மடிக்குத் தடவுகிற களிம்பைப் பூசிக்கொண்டாள். பசுவுக்கு வாங்கி வைத்திருந்த டப்பா தீர்ந்துபோய், நான் போய் இன்னொன்று வாங்கினேன். "உங்க பசு என்னங்க, வருஷம் பூரா கன்னு போட்டுக்கிட்டே இருக்கா?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

ஒரு தடவை யாரோ ஒருவரின் கோழி குறுக்கே வந்ததில் விழுந்தாள். தோள்பட்டை எலும்பு முறிந்தது. கோழி தப்பித்துவிட்டது. கட்டுப் போட்ட கையோடு கடையைத் திறந்து, இன்னொரு கையால் கத்திரிக்கோல் பிடித்தாள். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்க்காரன் எவனைப் பார்த்தாலும் ஒரு பக்கம் முடி ஏறி ஒரு பக்கம் இறங்கி இருந்தது. ஒருத்தரும் வாயைத் திறந்து குறை சொல்லவில்லை. வாயைத் திறந்தால் மிச்ச முடியும் அவள் கையில்தானே.

இத்தனையும் எதற்கு? பந்தயத்தை ஒரு தடவை முடிக்க வேண்டும். முதுகில் நம்பரோடு, தன் காலால் மிதித்து, சதுக்கத்துக் கோட்டைத் தாண்ட வேண்டும். அவ்வளவுதான். முதல் பரிசோ பத்தாவது பரிசோ அவள் கேட்கவில்லை. "இது எதுக்குங்க இந்த வயசுல" என்று நான் கேட்டதற்கு, "தொடங்குனா முடிக்கணும். பாதி தலையை வெட்டிட்டு யாரையாச்சும் வீட்டுக்கு அனுப்பியிருக்கேனா?" என்றாள்.

முதல் வருஷம் இரண்டாவது மலையிலேயே விளக்குமாறு அவளைப் பிடித்தது. அதாவது நான் பிடித்தேன். பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்து, "ஏறுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? ஏறினாள். முன் சீட்டு காலியாக இருந்தும் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் சூப்பில் உப்பு இல்லை. நான் கேட்கவும் இல்லை.

இரண்டாவது வருஷம் நடந்தது அதைவிட மோசம். கழுதை மேடு வரைக்கும் எனக்கு எட்டாமல் வந்துவிட்டாள். மேட்டில் இரண்டு பக்கமும் ஊரே நிற்கும். எங்கள் ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சைக்கிள்காரன் கஷ்டப்பட்டு ஏறினால் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். கூடவே ஓடி, முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுவார்கள். நம் வீட்டு ஆள் என்றால் கேட்கவே வேண்டாம். அன்றைக்கு நின்றவர்களில் பாதிப் பேர் யோலிமாவின் வாடிக்கையாளர்கள். ஒருத்தர் தள்ள, அடுத்தவர் வாங்கித் தள்ள, கை மாற்றிக் கை மாற்றி மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். "வேண்டாம், விடுங்க, கைய எடுங்க" என்று அவள் கத்தினது யார் காதிலும் விழவில்லை. கோட்டைத் தாண்டியதும் எவேலியோ வந்து அவள் முதுகிலிருந்து நம்பரைப் பிய்த்தார். தள்ளிவிட்டவர்களைத் தண்டிக்கச் சட்டம் இல்லை. தள்ளப்பட்டவரைத் தண்டிக்க உண்டு.

அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். சைக்கிளைக் கொண்டுபோய் வெங்காயம் தொங்குகிற கொட்டகையில் தலைகீழாக மாட்டினாள். தள்ளிவிட்ட ஒருத்தருக்கும் முடி வெட்டமாட்டேன் என்று கடையில் சொல்லிவிட்டாள். கிறிஸ்துமஸ் பூசைக்கு ஊர் ஆண்கள் காதை மூடிய முடியோடு வந்து நின்றார்கள். கடைசியில் பாதிரியாரே கடைக்கு வந்து, "மகளே, அவங்க அன்புல செஞ்ச பாவம்" என்று கெஞ்ச வேண்டியிருந்தது. "அடுத்த வருஷம் கைய அடக்கி வைக்கச் சொல்லுங்க ஃபாதர்" என்றாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, மறுபடி ஓட்டப் போகிறாள் என்று. அன்று சாயங்காலமே கொட்டகைக்குப் போய் சைக்கிளை இறக்கிச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டு வைத்தேன்.

மூன்றாவது வருஷம். காலையில் தூறல், பிறகு நல்ல வெயில். விளக்குமாறு முதல் மலையில் மூன்று பேரைக் கூட்டியது, இரண்டாவதில் ஐந்து பேரை. அந்த ஐந்தில் ஒருத்தர் பல் டாக்டர் வில்மார். என் பஸ்ஸை விட அதிகம் விலை கொடுத்து வாங்கின சைக்கிள் அவருடையது. ஏறும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினார்.

"சைக்கிளைப் பாத்து ஏத்துங்க தோன் பர்மேனியோ. கார்பன் அது."

"வெங்காயம் ஏத்துற மாதிரியே பதமா ஏத்துறேன் டாக்டர்."

கழுதை மேட்டின் அடியில் வளைவு திரும்பியதும் முன்னால் ஒரே ஒரு ஆள் தெரிந்தாள். சிவப்புச் சட்டை. யோலிமா. ஒரு நூறு மீட்டர் இருக்கும். அவள் இடது பக்கம், வலது பக்கம் என்று அசைந்து அசைந்து மிதித்துக்கொண்டிருந்தாள். சாலையின் இரண்டு பக்கமும் ஊர் நின்றது. அத்தனை பேரும் கம்பளிப் போர்வைக்குள் கையை விட்டு மறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கைகூட வெளியே தெரியவில்லை. வாய் மட்டும்தான் கத்தியது.

"எட்டு" என்றார் எவேலியோ. மணிக்கு எட்டு கிலோமீட்டர். எட்டிலேயே பிடித்தேன்.  உண்மையைச் சொல்கிறேன், ஏழில் ஓட்ட வேண்டும் என்று என் உடம்பு முழுக்கக் கெஞ்சியது. எட்டில்தான் ஓட்டினேன். வேகம் காட்டுகிற முள்ளை எவேலியோ பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணாடி வழியாக எட்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ் இருமியது. இன்னொரு தடவை இருமியது. அப்புறம் நின்றே போய்விட்டது.

சாவியைத் திருப்பினேன். கரகர என்றது, பிடிக்கவில்லை. டீசல் பம்ப். இரண்டு வாரமாகவே அதற்கு உடம்பு சரியில்லை. மறுபடி திருப்பினேன். டிரைவர்களைக் காக்கிற கார்மென் மாதா படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை.

 பின்னால் ஒருத்தர் மெதுவாகக் கை தட்டினார்.

"அடடா, என்ன பொருத்தமான இடத்துல நின்னுச்சு" என்றது கசாப்புக் கடைக்காரரின் குரல்.

"எனக்கு மட்டும் ஓடுச்சே இந்த பஸ்" என்றார் வில்மார். "என் பெண்டாட்டியும் பஸ் ஓட்டக் கத்துக்கணும் போலிருக்கு."

"டாக்டர், சத்தியமா பம்புதான்" என்றேன்.

"நாங்க பம்பைச் சொல்லலையே. நல்ல பம்பு. பாசமான பம்பு."

எல்லாரும் சிரித்தார்கள். எவேலியோ சிரிக்கவில்லை. "விளக்குமாறு நின்னா நின்னதுதான். அவங்க போகலாம். சட்டம் அதுதான்" என்றார். ஆனால் என்னைப் பார்க்காமல் சொன்னார். அது எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மனுஷன்.

மேலே சத்தம் திடீரென்று அடங்கியது. எட்டிப் பார்த்தேன். யோலிமா காலைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு திரும்பி எங்களையே பார்த்தாள். போர்வைக்காரர்கள் எல்லாம் "போங்க தோன்யா, போங்க, பஸ் செத்துப்போச்சு" என்று கத்தினார்கள். அவள் அசையவில்லை.

"தோன் எவேலியோ," என்று கீழே பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டாள். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச முடிந்தது. "விளக்குமாறு கிளம்புனா நானும் கிளம்புறேன். அதுவரைக்கும் இங்கதான் நிப்பேன்."

"அம்மா, சட்டப்படி நீங்க போகலாம்."

"சட்டம் எனக்குத் தெரியும். நான் நிக்கிறேன்."

அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் மனசு கசந்துபோனது. ஊர் நம்பாதது ஒரு பக்கம் கிடக்கட்டும். இவளும் நான் நடிக்கிறேன் என்று நினைத்துவிட்டாளே என்று எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த மேட்டில் ஒரு தடவை நின்றால் மறுபடி கிளம்புவது எவ்வளவு கஷ்டம் என்று சைக்கிள் தொட்ட எவனுக்கும் தெரியும். கால் ஆறிப்போகும். தொடை பிடித்துக்கொள்ளும். தள்ளிவிடவும் ஆள் கூடாது. அப்படியும் நின்றாளே, என் மேல் அவ்வளவு சந்தேகமா?

எட்டு பேரும் இறங்கிப் பஸ்ஸைத் தள்ளிப் பார்த்தார்கள். மேட்டில் எங்கே நகரும்? எவேலியோ நெற்றியைத் தேய்த்து யோசித்துவிட்டுச் சொன்னார்: "துரத்துறது பஸ் இல்ல, விளக்குமாறுதான். அதைக் கழட்டுங்க."

ஓரத்தில் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் நின்றது. அதை வாங்கினோம். யார் ஓட்டுவது? விளக்குமாற்று வண்டிக்கு நியமித்த டிரைவர் நான், அதனால் நான்தான் என்றார் எவேலியோ. பின்னால் உட்கார்ந்து விளக்குமாற்றைப் பிடித்துக்கொள்ள, என்னை நம்பாத ஒருத்தர் வேண்டும். வில்மார் கேட்கும் முன்னாலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"எட்டு, தோன் பர்மேனியோ. நான் முள்ளைப் பாத்துக்கிட்டே இருப்பேன்."

"நல்லாப் பாருங்க டாக்டர். பல்லுல ஓட்டை பாக்குற மாதிரி பாருங்க."

எவேலியோ கையை இறக்கினார். கிளம்பினோம். யோலிமாவும் கிளம்பினாள். முதல் மிதியில் சைக்கிள் சாய்ந்தது. ஒரு கிழவர் போர்வைக்குள்ளிருந்து கையை எடுக்கப் போனார். பக்கத்தில் நின்ற மனைவி அவர் மணிக்கட்டில் ஒரு அடி போட்டாள். இரண்டாவது தடவை யோலிமா சைக்கிளைச் சாலைக்குக் குறுக்காகத் திருப்பி ஏறினாள். இந்தப் பக்கத்து வேலிக்கும் அந்தப் பக்கத்து வேலிக்குமாக வளைந்து வளைந்து போனாள். நாங்கள் நேராகப் போனோம். நூறு மீட்டர் எழுபது ஆயிற்று, எழுபது நாற்பது ஆயிற்று.

எட்டுக்குக் கீழே ஒரு நூல் குறைக்கவில்லை நான். கோபத்தில் ஓட்டினேன். நம்பாதவர்கள் எல்லாரும் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஓட்டினேன். ஆனால் அவள் சட்டை முதுகில் ஒட்டிக்கிடந்ததும், கழுத்து நரம்பு புடைத்ததும் கிட்டத்தில் தெரிந்தபோது கோபம் எங்கேயோ போய்விட்டது. மிதிங்க, மிதிங்க என்று என் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

கடைசி வளைவில் அவளுடைய பின் சக்கரத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மாடு நிற்கிற இடம்தான். வில்மார் என் தோளுக்கு மேலாக விளக்குமாற்றை நீட்டினார்.

"டாக்டர், விளக்குமாற்றை நேரா நிமித்திப் பிடிங்க. நீட்டக் கூடாது."

"சாரி, கை தானா நீண்டுடுச்சு." நிமிர்த்திப் பிடித்தார். அப்புறம் திடீரென்று என் காதுக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட காது கிழிய, கத்த ஆரம்பித்தார். "தோன்யா யோலிமா, விடாதீங்க. இவரு எட்டுலதான் வர்றாரு, நானே பாத்துக்கிட்டு இருக்கேன். விடாதீங்க, மிதிங்க."

சதுக்கத்துக் கல் பாவின தரை வந்தது. அங்கே மேடு இல்லை. அவள் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தாள். விளக்குமாற்றின் முனைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சைக்கிள் இடம் இருக்கும்போது, யோலிமா கோட்டைத் தாண்டினாள். அந்த வருஷப் பந்தயத்தில் கடைசியாக முடித்த ஆள். எவேலியோ மூச்சு வாங்க வாங்க நடந்தே மேலே வந்து சேர்ந்ததும் அவள் முதுகில் நம்பர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். கழற்றவில்லை. இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

ஊர் அப்புறம்தான் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தது. தூக்கினார்கள், கட்டிப்பிடித்தார்கள், இறக்கிவிட மறந்துபோனார்கள். எல்லாம் அடங்கின பிறகு கோயில் படியில் அவள் காலை நீட்டி உட்கார்ந்தாள். நான் இரண்டு கிண்ணத்தில் விலா எலும்பு சூப் வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கிண்ணத்தையும் நானே பிடித்துக்கொண்டேன்.  

"முடிச்சிட்டீங்க. சந்தோஷம்" என்றேன். "ஆனா எனக்கு மனசு சரியில்லைங்க."

"ஏன்?"

"இத்தனை வருஷம் கூடக் குடும்பம் நடத்துறீங்க. நான் வேணும்னே பஸ்ஸ நிறுத்துனேன்னு நினைச்சிட்டீங்கல்ல."

அவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "யாரு நினைச்சா? ரெண்டு வாரமா அந்தப் பம்பைப் பத்தித் தூக்கத்துல கூடப் புலம்புறீங்க. அது இருமுற சத்தம் மேல வரைக்கும் கேட்டுச்சு எனக்கு. பம்புதான்னு அப்பவே தெரியும்."

"அப்புறம் எதுக்குங்க நின்னீங்க? அவ்வளவு தூரம் வந்துட்டு?"

"உங்க பஸ்ல எட்டு பேரு உக்காந்திருந்தாங்க. நான் பாட்டுக்கு ஏறிப் போயிருந்தா எனக்குப் பந்தயம் முடிஞ்சிருக்கும். உங்களுக்கு? பெண்டாட்டிக்காக பஸ்ஸ நிறுத்துனவன்னு சாகுற வரைக்கும் சொல்லுவானுங்க. நாளைக்கு அதே ஆளுங்களைத்தானே ஏத்திக்கிட்டு நீங்க சந்தைக்குப் போகணும்."

சொல்லிவிட்டு எலும்பை எடுத்துக் கடித்தாள். அவளுக்குப் பசி.

மூன்று வருஷம் ஆசைப்பட்டது. பனியில் போனது, எலும்பு முறிந்தது, அழுதது. அத்தனையையும் அந்த மேட்டில் ஒரு காலை ஊன்றி எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறாள். நான் அவளுக்குப் பின்னால் கோபத்தோடு வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்கு மூக்கில் தண்ணீர் வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உறிஞ்சினேன்.

"என்னங்க, சூப் காரமா?" என்றாள்.

"ஆமாங்க, கொஞ்சம் காரம்" என்றேன்.

எங்கள் ஊர் சூப்பில் மிளகாய் போடுகிற வழக்கமே கிடையாது. அவள் தன் கிண்ணத்திலிருந்து ஒரு பெரிய உருளைக்கிழங்கை எடுத்து என் கிண்ணத்தில் போட்டாள்.